பனாட்டுக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது?

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பனைப் பொருட்கள் செய்யும் ஒரு சிறிய மகளிர் குழுவுக்கு ஆங்கிலத்தில் லேபலும் துண்டுப்பிரசுரமும் எழுதிக் கொடுக்கும் தங்கச்சி ஒருவர், தான் எழுதிய வரைவையும் அனுப்பிக் கேட்டிருக்கிறார்: “அகராதியைப் பார்த்தால் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஐந்து ஆங்கிலச் சொல் கிடக்கிறது. எல்லாம் ஒன்று போலத்தான் தெரிகிறது. எதை எடுப்பது? பனாட்டு, ஒடியல், கருப்பணி மாதிரி எங்கட சாமான்களுக்குச் சொல்லே கிடைக்கவில்லை. அதற்கு என்ன செய்வது?”

நல்ல கேள்வி. வெளிநாட்டுக் கடைத் தட்டில் அந்தப் பக்கெற் இருக்கும்போது பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். அந்த ஒரு சொல்தான் நிற்கும். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. ஒரே பொருள் உள்ள இரண்டு சொல் என்று கிட்டத்தட்ட எதுவும் இல்லை. அகராதியில் ஒன்றாகத் தெரிவது, அகராதி பொருளை மட்டும் சொல்வதால். ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும், எந்த இடத்தில் வரும், கேட்பவர் மனதில் என்ன படம் எழும் என்பதையும் பார்த்தால் ஐந்தில் நான்கு தானாகவே விலகிவிடும். இது உங்களுக்குப் புதிதல்ல, தமிழில் நாள்தோறும் செய்வதுதான். சோறு, சாதம், அன்னம் மூன்றும் ஒன்றுதானே? ஆனால் சன்னிதி கோயிலில் நடப்பது அன்னதானம். அதைச் சோற்றுத்தானம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் அம்மா “அன்னம் போடட்டோ?” என்று கேட்கவும் மாட்டார். புது வீட்டுக்குப் போவதை நாங்கள் குடிபூரல் என்கிறோம், கார்டில் புதுமனை புகுவிழா என்று அச்சடிக்கிறோம். பொருள் ஒன்று, இடம் வேறு. ஆங்கிலத்திலும் இதே வேலைதான். அங்கே உங்களுக்குக் காதுப் பழக்கம் குறைவாக இருப்பதால் கண்ணால் தேட வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் கூடுதலாக இருப்பதற்கு வரலாறும் ஒரு காரணம். 1066 இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, ஊர்ச் சொல்லுக்குப் பக்கத்தில் பிரெஞ்சுச் சொல்லும் பிறகு லத்தீன் சொல்லும் வந்து அடுக்கடுக்காகச் சேர்ந்தன. ‘ஆஸ்க்’, ‘குவெஸ்ச்சன்’, ‘இன்டெரோகேற்’ மூன்றும் கேட்பதுதான். முதலாவது வீட்டுப் பேச்சு. மூன்றாவது பொலிஸ் ஸ்டேசன். லேபலுக்கும் துண்டுப்பிரசுரத்துக்கும் பெரும்பாலும் முதல் அடுக்குச் சொல்லே போதும். பெரிய சொல் போட்டால் தரம் கூடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. வாங்குபவருக்கு அது பாரம்.

சரி, உங்கள் சாமான்களுக்கு வருவோம்.

பனாட்டில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் தேடும் வழி நன்றாகத் தெரியும். அகராதியில் பனாட்டைத் தேடினால் பனம்பழத்தின் காய்ந்த களி என்ற மாதிரி ஒரு விளக்கம் கிடைக்கும். அது விற்பனைக்குரிய பெயர் ஆகாது. ‘ஜாம்’ என்று எழுதலாமா? ஜாம் போத்தலில் இருக்கும், கரண்டியால் எடுத்துப் பாணில் பூசுவது. ‘ஜெலி’ ஆடும். ‘கேக்’ என்றால் மாவும் முட்டையும் நினைவுக்கு வரும். ‘கன்டி’ என்றால் சீனி மிட்டாய். இந்த இடத்தில் சொல்லை விட்டுவிட்டுச் செய்முறையைப் பாருங்கள். பழுத்த பழத்தைப் பிசைந்து களி எடுக்கிறோம். ஓலைப்பாயில் பரப்பி வெயிலில் காய விடுகிறோம். காய்ந்ததன் மேல் இன்னொரு படை ஊற்றி மறுபடி காய விடுகிறோம். பிறகு உரித்து வெட்டுகிறோம். உலகத்தில் வேறு யாராவது பழத்தை இப்படிச் செய்கிறார்களா? செய்கிறார்கள். மாம்பழத்தில், அப்ரிகொட்டில், பிளம்சில் செய்கிறார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ‘புரூட் லெதர்’ என்று பெயர். தோல் மாதிரி வளையும், இழுத்துக் கடிக்க வேண்டும் என்பதால் வந்த பெயர். பனாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலச் சொல் எனக்குத் தெரிந்து இல்லை. ‘பல்மைரா புரூட் லெதர்’ என்று எழுதுங்கள், பக்கத்தில் பனாட்டு என்ற பெயரை ஆங்கில எழுத்திலும் போடுங்கள். பாணிப் பனாட்டு என்றால் ‘இன் பாம் சிரப்’ என்று மூன்று சொல் சேர்த்தால் சரி.

ஒரு பொருளுக்குப் பெயர் கிடைக்காதபோது அகராதியில் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். அது எதிலிருந்து, எப்படிச் செய்யப்படுகிறது என்பதை எளிய ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லில் எழுதி, அதைத் தேடுங்கள். படங்களையும் பாருங்கள். உங்கள் பொருளைப் போன்ற படம் வந்தால், அதன் கீழே எழுதியிருக்கும் சொல்லைக் குறித்து வையுங்கள். நாலைந்து வேறு வேறு இடத்தில் அதே சொல் இருந்தால் அதை நம்பலாம்.

‘பல்மைரா’ என்ற சொல்லிலேயே ஒரு கவனம் வேண்டும். போர்த்துக்கேயர் பனையினத்து மரத்தைப் ‘பல்மெய்ரா’ என்றார்கள். அதிலிருந்து வந்ததுதான் இது. ஆனால் சிரியாவில் பல்மைரா என்று பழைய நகரம் ஒன்று இருப்பதால், வெளிநாட்டுக்காரர் பலருக்கு அந்தச் சொல்லைத் தனியே கண்டால் இடிந்த தூண்கள்தான் நினைவுக்கு வரும். ஆகவே லேபலில் ஒரு இடத்திலாவது ‘பல்மைரா பாம்’ என்று முழுதாக எழுதுங்கள். ஏற்றுமதிக்கு என்றால் ‘பொராசஸ் ஃபிளாபெலிஃபர்’ என்ற தாவரவியல் பெயரையும் சின்ன எழுத்தில் போடுவது நல்லது. இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை தன் ஆங்கிலப் பெயரில் பல்மைராவின் கடைசியில் ‘எச்’ எழுத்துச் சேர்த்து எழுதுகிறது. மற்ற நாடுகளில் பெரும்பாலும் ‘எச்’ இல்லை. இரண்டும் சரிதான். ஆனால் ஒரே பக்கெற்றில் இரண்டும் இருக்கக் கூடாது.

அடுத்தது கருப்பணி. இதில் சொல் பிழைத்தால் வியாபாரமே மாறிவிடும். ‘டொடி’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு அது கள், அதாவது மதுசாரம். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கின, புளிக்காத இனிப்பு நீரைத்தான் நீங்கள் போத்தலில் அடைக்கிறீர்கள். இலங்கை ஆங்கிலத்தில் ‘சுவீட் டொடி’ என்று சொல்வது உண்டு, இங்கே விளங்கும். இங்கிலாந்தில் ‘டொடி’ என்றால் தடிமன் காய்ச்சலுக்குக் குடிக்கும் சூடான விஸ்கி. இத்தனைக்கும் அந்தச் சொல் இந்தியிலிருந்து போனது, ‘தாட்’ என்ற பனையின் பெயரிலிருந்தே பிறந்தது. மரத்தின் பெயரைக் கொண்டுபோய் மரத்தையே மறந்துவிட்டார்கள்.

சரி, ‘டொடி’ வேண்டாம் என்றால் ‘ஜூஸ்’, ‘சாப்’, ‘நெக்டர்’ என்று மூன்று நிற்கின்றன. ‘ஜூஸ்’ பழத்தைப் பிழிந்தால் வருவது, ஆகவே ‘பல்மைரா ஜூஸ்’ என்றால் பனம்பழச் சாறு என்று நினைப்பார்கள். ‘நெக்டர்’ பூவில் தேனீ எடுப்பது. கடைகளில் அந்தச் சொல் ஒருவகைப் பழபானத்துக்கும் இருக்கிறது, சில நாடுகளில் அதற்கென்று உணவுச் சட்ட வரையறையும் உண்டு. ‘சாப்’ என்றால் மரத்தைச் சீவி எடுக்கும் நீர். கனடாவில் மேப்பிள் மரத்திலிருந்து எடுப்பதும் அதே ‘சாப்’தான், அதைக் காய்ச்சினால்தான் ‘சிரப்’. கருப்பணியைக் காய்ச்சினால் பாணி, கிட்டத்தட்ட அதே கதை. ஆகவே ‘பல்மைரா பாம் சாப்’, அதன் கீழே ‘அன்ஃபெர்மென்டட், நொன் அல்கஹோலிக்’. இந்தக் கடைசி இரண்டையும் விடாதீர்கள். சுங்கத்தில் லேபலை வாசிப்பவருக்கும் அது தேவை.

பனங்கட்டிக்கு ‘ஷுகர்’ என்று எழுத நினைப்பது, சர்க்கரை என்ற சொல்லால் வரும் குழப்பம். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குச் சீனி வேறு, சர்க்கரை வேறு. தமிழ்நாட்டில் சர்க்கரை என்றால் பல இடங்களில் வெள்ளைச் சீனி. அங்கே செய்த அகராதியைப் பார்த்து எழுதினால் உங்கள் பனங்கட்டி சீனியாகிவிடும். ‘ஜாகரி’ தான் சரி. ஆனால் ‘பாம் ஜாகரி’ போதாது, ஏனென்றால் தெற்கில் கித்துள் கட்டியும் ‘பாம் ஜாகரி’ தான், கித்துளும் பனையினத்து மரம். ‘பல்மைரா ஜாகரி’ என்றால்தான் எங்கட சாமான். பனஞ்சீனி தூளாக இருப்பதால் அதற்குப் ‘பல்மைரா ஷுகர்’ எழுதலாம். கல்லாக்காரத்துக்கு, அதாவது பனங்கற்கண்டுக்கு, ‘பல்மைரா கன்டி’ என்று பலர் போடுகிறார்கள், பரவாயில்லை. என்னைக் கேட்டால் ‘ரொக் ஷுகர்’ என்பது கட்டியான பளிங்கு உருவத்தைக் கண்ணில் காட்டும்.

ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு. அதற்கு ‘டியூபர்’, ‘ரூட்’, ‘ஸ்பிரவுட்’, ‘ஷூட்’ என்று நான்கு ஓடித் திரிகின்றன. ‘ரூட்’ வேர், அது பிழை. ‘டியூபர்’ உருளைக்கிழங்கு மாதிரியானது. தாவரவியல் கண்ணில் பனங்கிழங்கு அந்த வகை அல்ல, விதை முளைத்து நிலத்துக்குள் இறங்கி மாப்பிடித்துத் தடித்த முளை. ‘ஸ்பிரவுட்’ அந்த முளைத்தலைச் சொல்கிறது, ஆனால் சாப்பாட்டுக் கடையில் ‘ஸ்பிரவுட்’ என்றால் பயறு முளையும் பிரசல்ஸ் கோவாவும் முன்னுக்கு வரும். இந்த இடத்தில் நான் விஞ்ஞானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ‘பல்மைரா டியூபர்’ பக்கம்தான் நிற்பேன். சந்தையில் அந்தப் பெயர் பழகிவிட்டது, வாங்குபவருக்கு மாப்பொருள் என்பதும் விளங்கும். பிரசுரத்தில் இடம் இருந்தால் ஒரு வரியில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஒடியலுக்குச் ‘சன்-டிரைட்’, புழுக்கொடியலுக்கு ‘பொயில்ட் அன்ட் சன்-டிரைட்’. ‘டிரை’ என்று விட்டுவிடாதீர்கள். ‘டிரை’ என்பது ஈரமில்லாத நிலை, ‘டிரைட்’ என்பது காயவைத்தது. கருவாட்டை இலங்கையில் ‘டிரை ஃபிஷ்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். இங்கிலாந்தில் அது ‘டிரைட் ஃபிஷ்’.

கூழ் மாவுப் பக்கெற்றுக்கு நீங்கள் ‘குரூயல் மிக்ஸ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றுங்கள். அகராதி சொல்வது பிழையில்லை, கூழுக்கு அது ‘குரூயல்’ என்றுதான் தரும். ஆனால் ஆங்கில வாசகருக்கு அந்தச் சொல்லில் ஏழைகள் விடுதியும் நோயாளியின் கட்டிலும் தெரியும். தண்ணியாக, உப்புச் சப்பில்லாமல், வேறு வழியில்லாமல் குடிப்பது. ஒடியற் கூழ் அப்படியா? நண்டு, இறால், மீன், மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, செத்தல் மிளகாய் அரைத்து விட்டு, புளி கரைத்து, முற்றத்தில் எல்லோரும் சுற்றியிருந்து பிலா இலையில் குடிக்கிறது. ‘பொரிட்ஜ்’ என்றால் காலைச் சாப்பாட்டு ஓட்ஸ். ‘புரோத்’ என்றால் எலும்பு அவித்த தெளிந்த நீர். ‘ஸ்டூ’ இறுகிவிடும். மிஞ்சுவது ‘சூப்’. அதைத் தனியே விட்டால் மெல்லியது என்று நினைப்பார்கள், முன்னால் ‘திக்’ சேர்க்க வேண்டும். ‘ஒடியல் கூழ்’ என்று பெயரை அப்படியே பெரிய எழுத்தில் போட்டு, கீழே காரமான, தடித்த கடலுணவுச் சூப் என்ற பொருளில் ‘எ திக், ஸ்பைசி சீஃபூட் சூப்’ என்று ஒரு வரி போடுங்கள். மாவை மட்டும் விற்பதால் ‘ஃபுளவர் ஃபோர்’ என்று தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கெற்றுக்குள் நண்டு இருக்கிறது என்று வாங்குவார்கள்.

மிளகாய்த்தூளும் இதே மாதிரிக் கவனிக்க வேண்டியது. எங்கட யாழ்ப்பாணத் தூளில் செத்தல் மிளகாயோடு கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து அரைபடுகிறது. பெயர் மிளகாய்த்தூள் என்பதால் ‘சில்லி பவுடர்’ என்று மொழிபெயர்த்தால் இங்கிலாந்தில் வாங்குபவர் வெறும் மிளகாய் என்று எடுப்பார். அமெரிக்காவில் ‘சில்லி பவுடர்’ என்பது சீரகமும் ஒறிகானோவும் கலந்த, மெக்சிக்கன் பாணிச் சமையலுக்கான வேறொரு கலவை. ‘ஜஃப்னா ரோஸ்டட் கறி பவுடர்’ என்பதே சரி. எவ்வளவு உறைப்பு என்பதைத் தனியே எழுதுங்கள். ஆட்டிறைச்சிக் கறியின் செய்முறையைப் பின்பக்கத்தில் அச்சடிப்பதானால் ‘மட்டன்’ என்று மட்டும் விடவேண்டாம். எங்களுக்கு ‘மட்டன்’ வெள்ளாடு, இங்கிலாந்தில் அது வயது போன செம்மறி. ‘கோட்’ என்று எழுதினால் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

ஓலைச் சாமான்களில் ‘பொக்ஸ்’ என்று வந்திருக்கும் இடத்தையெல்லாம் ‘பாஸ்கெற்’ ஆக்குங்கள். பெட்டி என்பதை அகராதி ‘பொக்ஸ்’ என்கிறது, ஆனால் ஓலையில் இழைத்த எங்கட பெட்டி ‘பாஸ்கெற்’. மூடி உள்ளதற்கு ‘லிட்டட் பாஸ்கெற்’. நீத்துப்பெட்டி ‘புட்டு ஸ்டீமர்’. கூம்பு வடிவம் என்று ஒரு சொல்லும் போதும், படம் மிச்சத்தைச் சொல்லும். ‘ஹாண்ட்மேட்’, ‘ஹாண்டிகிராப்ட்’, ‘ஹாண்ட்வோவன்’ மூன்றில் ‘ஹாண்டிகிராப்ட்’ என்பது கைப்பணி என்ற தொழிலின் பெயர், ஒரு பெட்டிக்கு அடைமொழியாக நிற்காது. ‘ஹாண்ட்வோவன்’ தான் ஓலையும் விரலும் தெரியும் சொல்.

இனி, சட்டம் உட்கார்ந்திருக்கும் சொற்கள். இயற்கை என்பதற்கு ‘நச்சுரல்’, ‘பியூர்’, ‘ஓகானிக்’ எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ‘ஓகானிக்’ ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் சான்றிதழ் பெற்றவர்தான் போடலாம் என்று சட்டம் இருக்கிறது. உரம் போடாத பனை என்பதால் மட்டும் அதை எழுத முடியாது. ‘பியூர்’ என்றால் வேறு எதுவும் கலக்கவில்லை என்ற உறுதிமொழி. பனங்கட்டியில் சீனி கலக்கவில்லை என்றால் தைரியமாகப் போடுங்கள். அதேபோல் காலாவதித் திகதி. பிரித்தானியாவில் ‘யூஸ் பை’ என்பது பாதுகாப்பைப் பற்றியது, அந்தத் திகதிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. ‘பெஸ்ட் பிபோர்’ தரத்தைப் பற்றியது, அந்தத் திகதிக்குப் பிறகு சுவை குறையலாம், அவ்வளவுதான். பனங்கட்டி, ஒடியல், பனாட்டு எல்லாவற்றுக்கும் ‘பெஸ்ட் பிபோர்’ தான் பொருந்தும்.

அப்புறம், எங்கே பார்ப்பது என்ற விஷயம். தமிழ் ஆங்கில அகராதி தொடங்குவதற்கு மட்டும். உடுவிலில் பல வருடம் இருந்த அமெரிக்க மிஷனரி மைரன் வின்சுலோ 1862 இல் சென்னையில் வெளியிட்ட பெரிய அகராதியில் 67,000 க்கு மேல் சொற்கள் உண்டு. எங்கள் பக்கத்துச் சொற்கள் பல அதில் இருக்கின்றன, சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் இலவசமாகப் பார்க்கலாம். தமிழ்ப் பொருளை உறுதி செய்ய அருமையான நூல். ஆனால் அதிலிருக்கும் ஆங்கிலம் 1862 இன் ஆங்கிலம், அப்படியே எடுத்து லேபலில் ஒட்ட வேண்டாம். அங்கே கிடைத்த ஆங்கிலச் சொல்லை, மாணவர்களுக்கென்று எழுதிய ஆங்கில ஆங்கில அகராதி ஒன்றில் கட்டாயம் பாருங்கள். ஒக்ஸ்போட், லோங்மன், கொபில்ட் மூன்றும் நல்லவை. இவற்றில் விளக்கத்தைவிட உதாரண வசனங்கள்தான் பொன். 1852 இல் ரொஜே தொடங்கிய மாதிரி ஒத்த சொற்களை அடுக்கித் தரும் நூல்கள் மறந்த சொல்லை நினைவுபடுத்தும். தெரியாத சொல்லை அதிலிருந்து எடுப்பது ஆபத்து.

இரண்டு சொல்லுக்கிடையில் இன்னும் சந்தேகம் இருந்தால், கூட வரும் சொல்லோடு சேர்த்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, எது அதிகம், எங்கே அதிகம் என்று பாருங்கள். மொழியியலாளர் ஃபேர்த் 1957 இல் சொன்னது இதுதான், ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்து அறியலாம். கலியாணத்துக்கு ‘வெடிங்’, ‘மரேஜ்’ என்று இரண்டு இருக்கின்றன. ‘வெடிங்’ கார்டோடும் கேக்கோடும் சேலையோடும் வரும், ‘மரேஜ்’ சேட்டிபிக்கற்றோடும் பதிவோடும் வரும். அது அன்றைய நாள், இது அதன் பிறகான வாழ்க்கை. இந்த வித்தியாசத்தை எந்த விளக்கமும் இவ்வளவு சுருக்கமாகக் காட்டாது.

எதுவும் பொருந்தாவிட்டால் தமிழ்ச் சொல்லையே வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சட்டமே அப்படித்தான் செய்திருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் பதித்தார்கள். பிறகு ஆங்கிலேயர் 1911 இல் திருமண உரிமை, மரபுரிமை பற்றி யாழ்ப்பாணத்துக்குச் சட்டம் எழுதியபோது, முதுசம், உரிமை, தேடிய தேட்டம் என்ற சொற்களை ஆங்கில எழுத்தில் அப்படியே வைத்தார்கள். பெற்றோரிடமிருந்தோ பாட்டன் பூட்டனிடமிருந்தோ வந்தது முதுசம், மற்ற உறவினரிடமிருந்து வந்தது உரிமை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘இன்ஹெரிட்டன்ஸ்’ என்ற ஒரே சொல்தான் கிடந்தது, அதனால் தமிழை வைத்துப் பக்கத்தில் விளக்கம் கொடுத்தார்கள். உங்கள் பனாட்டுக்கும் ஒடியலுக்கும் கூழுக்கும் செய்ய வேண்டியது இதேதான். பெயர் தமிழ், விளக்கம் ஆங்கிலம்.

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று குழுவில் ஒருமுறை உட்கார்ந்து முடிவு செய்து, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பனாட்டில் இரண்டு ‘டி’ எழுத்தா ஒன்றா, ஒடியலின் கடைசியில் ஒரு ‘எல்’ போதுமா, கூழுக்கு இரண்டு ‘ஓ’ எழுத்தா ஒரு ‘யூ’ எழுத்தா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். லேபல் அடிப்பவர் மாறினாலும் எழுத்து மாறக் கூடாது. அச்சுக்குக் கொடுக்கும் முன், இந்தச் சாமான்களைக் கண்டிராத ஒருவரிடம் வெறும் ஆங்கில வரிகளை மட்டும் வாசிக்கக் கொடுத்து, பக்கெற்றுக்குள் என்ன இருக்கும் என்று சொல்லச் சொல்லுங்கள். பனாட்டை அவர் மெல்லிய, இனிப்பான, மடங்கும் தகடு என்று சொன்னால் அச்சுக்குக் கொடுக்கலாம்.